காக்கை விரட்டத்தான் பறக்கவிட்டேன்

நெத்திலி காயப்போட்டால் காக்கைக்கு எப்படித்தான் தெரிகிறதோ, இன்ஸ்பெக்டரம்மா. பாயை விரித்து, மீனைக் கொட்டிப் பரப்பி நிமிர்வதற்குள் கம்பியில் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். கறுப்புத் துணி கட்டிப் பார்த்தேன். பழைய சிடிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டேன். இரண்டு நாள் பயப்படும். மூன்றாம் நாள் அந்தக் கயிற்றிலேயே உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொள்ளும்.

நீங்கள் எழுதித் தரச் சொன்னதால் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவள், பேசுகிற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க உங்கள் மதியச் சாப்பாடு மூடியபடியே இருந்தது. இன்றைக்காவது சாப்பிட்டுவிட்டு இதைப் படியுங்கள். அவசரம் ஒன்றும் இல்லை. அவசரம் இருந்த நேரம் போய்விட்டது.

என் பெயர் சிலுவையம்மாள், வயது அறுபத்திரண்டு, கருவாட்டு வியாபாரம். எங்கள் குப்பத்துக்கு ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற எண்ணூர் சாலை, மறுபக்கம் கடல். கடல் வீட்டுக்குள் வராமல் இருக்கக் கரை நெடுகக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஓர் ஆட்டோ அளவு இருக்கும். அந்தக் கல்லை நீங்களும் போய்ப் பார்த்தீர்கள்.

என் மகன் ஆண்ட்ரூ கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நான்கு வருடத்துக்கு முன் கப்பல் வேலைக்குப் போனபோது அவனுடைய சின்ன ட்ரோனை அலமாரியில் வைத்துவிட்டுப் போனான். உள்ளங்கை அளவுதான். அதன் இரைச்சலுக்குக் காக்கை பயப்படுமே என்று எனக்குத் தோன்றியது. டில்லிபாபுவிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

டில்லிபாபு சாலையோரத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன், நாற்பது வயது. எங்கள் குப்பத்து அம்முவைக் கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டான். வந்து பத்து வருடமாகியும் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவன் ஊரை வைத்து ‘வியாசர்பாடி’ என்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

"இன்னாக்கா, காக்காவுக்கு ஏரோப்ளேன் வுடப் போறியா? ஷோக்கா கீது" என்றான். உடைந்திருந்த இறக்கையை மாற்றினான். எதை அமுக்கினால் ஏறும், எதை அமுக்கினால் இறங்கும் என்று காட்டினான். என் போனை ரிமோட்டில் மாட்டி, ட்ரோன் பார்ப்பது போனில் தெரியும்படி செய்தான். "ஆனா யார்கிட்டயும் வாயத் தொறக்காத. ஹார்பரு, பவர் ஹவுஸு அல்லாம் பக்கத்துல கீது, இங்க இத்த வுடவே கூடாது. மாட்டுனா எனக்கும் உனக்கும் களிதான்."

அவனும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வரிசையில் மொட்டை மாடி இருப்பது என் வீட்டுக்கு மட்டும்தான். கைப்பிடிச் சுவரும் உயரம். லாரி இரைச்சலில் அதன் சத்தம் தெருவுக்குக் கேட்காது.

முதலில் சில நாள் ஓர் ஆள் உயரத்துக்குத்தான் விட்டேன். காக்கைகள் ஓடின. ஒரு நாள் ஒன்றைத் துரத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. போனில் குப்பம் முழுக்கத் தெரிந்தது. யார் வாசலில் யார் வலை பின்னுகிறார்கள், யார் வீட்டில் குழம்பு கொதிக்கிறது, எல்லாம் தெரிந்தது. ஆண்ட்ரூ போன பிறகு என் வீட்டில் நான் ஒருத்திதான். அன்று மாலை நான் தனியாக இல்லாத மாதிரி இருந்தது.

எங்கள் பக்கம் குளிக்கிற இடத்துக்குக் கூரை போடுவதில்லை, அம்மா. நான்கு பக்கமும் தகரம், மேலே வானம். வெளிச்சமும் வரும், ஈரமும் காயும். மேலேயிருந்து பார்க்க யார் இருக்கிறார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்து முப்பது வருடம் குளித்தேன்.

எதிர் வரிசை ஜூடி மீன் கம்பெனியில் வேலை செய்கிறவள். நான்கு மணிக்கு வந்ததும் குளிப்பாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே யாரிடமோ சண்டை போடுவதுபோல் வாயசைப்பாள், பிறகு தானாகவே சிரிப்பாள். தினமும் பார்த்தேன். பார்த்தேன் என்றே எழுதுகிறேன், மறைக்கவில்லை.

அப்போது எனக்குத் தப்பு என்று தோன்றவில்லை. இந்தக் குப்பத்தில் பிள்ளை பெற்றவளுக்கு முதல் வெந்நீர் ஊற்றுகிறவள் நான். செத்த பெண்ணைக் கழுவிப் புடவை சுற்றுகிறவளும் நான். என் கை படாத பெண் உடம்பு இங்கே குறைவு. ஜூடிக்கு முதல் பிள்ளை பிறந்தபோது இடுப்புக்கு ஊற்றியதும் நான்தான். நான் பார்க்காததையா பார்த்துவிட்டேன்? அப்படித்தான் என்னிடமே சொல்லிக்கொண்டேன். குளிப்பாட்டும்போது அவளுக்குத் தெரியும், இது அவளுக்குத் தெரியாது. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் கைப்பிடிச் சுவருக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு நாள் ஜூடியின் பக்கத்து வீட்டு ரமாபாய் குளிக்கும்போது நிமிர்ந்து ட்ரோனைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து குப்பத்தில் பேச்செல்லாம் அதுதான். பெண்கள் இருட்டோடு எழுந்து குளித்தார்கள். சிலர் புடவையோடே குளித்தார்கள். கிடைத்த தார்பாயையும் பழைய பேனரையும் மேலே கட்டினார்கள். ஜூடி கட்டியது அவள் மாமனாருடைய கண்ணீர் அஞ்சலி பேனர். படம் உள்பக்கமாக இருந்தது.

"இன்னா ஜூடி" என்றாள் ரமாபாய், "எவனோ மேலேர்ந்து பாக்குறான்னு சொல்லிட்டு மாமனார கவுத்துப் போட்டு கட்டிகீற? அவரு கண்ண நல்லா தொறந்துகினு கீறாரே."

"பாத்தா பாக்கட்டும்க்கா. செத்தவரு போய் யார்கிட்ட சொல்லப் போறாரு?"

குழாயடியில் எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு ஜூடி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "குளிக்கப் போனா ஒடம்பு கூசுதுக்கா, என் ஒடம்பே எனக்குப் புடிக்கல" என்று என்னிடம் சொன்னாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரமும் பறக்கவிட்டேன். பேனர் கட்டிய கயிற்றில் மோதி ஓர் இறக்கையில் பாதி முறிந்து ஜூடியின் குளியலறைக்குள் விழுந்தது. மூன்றரை இறக்கையோடு எப்படியோ தத்தித் தத்தி என் மாடிக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் டில்லிபாபுவிடம் போய், காக்கை மோதி முறிந்துவிட்டது என்றேன். புது இறக்கை நான்கு வரவழைத்து ஒன்றை மாட்டிக் கொடுத்தான். "மீதி மூணும் கடைலயே கெடக்கட்டும்க்கா, நீ எப்டியும் ஒடைப்ப" என்றான். ஜூடி வீட்டில் என்ன விழுந்தது என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜூடியின் வீட்டுக்காரர் தேவப்பிரியம் முறிந்த இறக்கையை எடுத்துக்கொண்டு டில்லிபாபுவின் கடைக்குப் போனார். இது எதில் போடுவது என்று கேட்கத்தான் போனார். டில்லிபாபு ஏதோ எடுக்க மேசை டிராயரைத் திறந்தபோது அதே மாதிரி மூன்று இருந்தன. ஐந்து நிமிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"சிலுவை அக்காவுதுபா. வேணும்னா வந்து கேளு" என்றானாம் டில்லிபாபு. கூட்டத்தில் சிரிப்புத்தான் வந்ததாம். "அந்தக்காவுக்கு ரீசார்ஜ் பண்ணித் தர்றதே நீதானடா, வியாசர்பாடி. பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாம்?"

சட்டையைப் பிடித்து என் வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் கருவாட்டுக் கூடைக்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தேன். தேவப்பிரியம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"எனக்கு இன்னா நைனா தெரியும்?" என்றேன். "பச்சைய அமுக்குனா பேசலாம், செவப்ப அமுக்குனா கட்டு. அவ்ளோதான்."

அதற்கும் சிரித்தார்கள். ஊசியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். டில்லிபாபு கத்தவில்லை. "அக்கா" என்றான், ஒரே ஒரு தடவை. நான் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

முதல் அறை ஜூடி கொடுத்தது. அவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். பிறகு யார் யார் என்று தெரியவில்லை. சாலைப் பக்கம் முழுக்க ஆள் நின்றதால் அவன் உதறிக்கொண்டு கடல் பக்கம் ஓடினான். துரத்திப் போனவர்கள் கல் வரைக்கும் போனார்கள். அதற்கு மேல் ஆளைக் காணவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கமாகக் குனிந்தே ஓடி, வடக்கே ஏறிச் சாலைக்குப் போயிருப்பான் என்று திரும்பி வந்துவிட்டார்கள்.

மணி ஐந்து இருக்கும், நல்ல வெயில். அவன் பத்திரமாகப் போய்விட்டானா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. மாடிக்குப் போய் ட்ரோனை விட்டேன்.

அவன் போகவில்லை. இரண்டு கல்லுக்கு நடுவே, கடலைப் பார்த்த பக்கத்தில் விழுந்திருந்தான். ஒரு கால் தொடை வரைக்கும் இடுக்குக்குள் போயிருந்தது. அலை வரும்போது நெஞ்சு வரை நனைந்தது, போகும்போது இடுப்பு தெரிந்தது. கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. கத்தினாலும் அலைச் சத்தத்தில் கேட்காது. மேலேயிருந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும். மேலேயிருந்து பார்த்தது நான் மட்டும்தான்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். சத்தம் அவனுக்குத் தெரிந்ததுதானே, அவன் பூட்டிய இறக்கைதானே. கையைத் தூக்கினான். வாயும் அசைந்தது.

பதினோரு நிமிடம் அங்கேயே நிறுத்தி வைத்திருந்தேன். பேட்டரி சிவப்பானது. சார்ஜ் குறைந்தால் அது தானாகவே திரும்பிவிடும், நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இறங்கியதும் உப்புத் தண்ணீரைத் துடைத்துக் கூடைக்கு அடியில் வைத்தேன்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே, பெயர் சொல்லாமல் ஒரு போனாவது போட்டிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். தோன்றவில்லை என்றேன். அது பொய். தோன்றியது. எப்படிப் பார்த்தாய் என்று கேட்பார்களே என்பதும் கூடவே தோன்றியது. கோபத்தில் இருக்கிற ஆட்கள், இன்றிரவு ஆறிவிடுவார்கள், விடிந்தால் நண்டு பிடிக்கப் போகிறவர்கள் கண்ணில் அவனே படுவான் என்று கணக்குப் போட்டேன். கடல் அன்று அப்படி ஒன்றும் சீறவில்லை.

படியிறங்கி வந்தால் வாசலில் அம்மு நின்றிருந்தாள், தலைவிரி கோலமாக, ஆறு வயசுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு.

"அக்கா, அவரு இந்தப் பக்கம் வந்தாரா? போனு போவ மாட்டேங்குது. அவரு அப்டிப்பட்ட ஆளாக்கா? நீ சொல்லு."

"இல்லம்மா" என்றேன். "லாரிக்கு நடுவுல பூந்து ரோட்ட தாண்டி ஓடனத என் கண்ணால பாத்தேன். வியாசர்பாடிக்குத்தான் போயிருப்பான். நீ அங்க போய்ப் பாரு. கொயந்தய நான் பாத்துக்கறேன்."

அவள் கூந்தலை நானே முடிந்துவிட்டேன். என் பேச்சை நம்பித்தான் அவள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனாள். தேடக் கிளம்பிய இரண்டு பேரையும் கூட அழைத்துக்கொண்டு போனாள். அவள் பெண்ணுக்குச் சோறும் நெத்திலிக் குழம்பும் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டது. என் பக்கத்திலேயே தூங்கியது.

காலையில் நண்டு பிடிக்கப் போனவர்கள் பார்த்துச் சொன்னார்கள். அம்மு என் மடியில்தான் விழுந்து அழுதாள். நடு இரவு வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக நேற்று சொன்னீர்கள். அதை நீங்கள் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

இரண்டு மாதம் சும்மா இருந்தேன். தேவப்பிரியத்தைப் புழல் ஜெயிலுக்குக் கொண்டுபோனபோதும் சும்மா இருந்தேன். காக்கைகள் திரும்ப வந்துவிட்டன, நான் விரட்டவில்லை. முந்தாநாள் ஜூடி என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இது இரண்டாவது, ஏழு மாதம். என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். "அவரு இல்லாங்காட்டியும் நீ கீறியேக்கா. நீதான தண்ணி ஊத்துவ? வேற யார் முன்னாடியும் எனக்குத் துணிய அவுக்க முடியாதுக்கா இப்போ" என்றாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை பஸ் ஏறி உங்களிடம் வந்தேன்.

தேவப்பிரியம் அடித்தது உண்மை. ஆனால் அவர் அடித்ததில் டில்லிபாபு சாகவில்லை. கல்லுக்கு நடுவே உயிரோடு கிடந்தவனைப் பார்த்தவள் நான். பார்த்துவிட்டுத் தேடப் போனவர்களை வேறு பக்கம் அனுப்பியவளும் நான். அவனைக் கொன்றது நான்தான். இதை யாரும் மிரட்டி எழுதி வாங்கவில்லை.

ஆண்ட்ரூ எப்படி வைத்துவிட்டுப் போனானோ, அப்படியேதான் இருக்கிறது, பறக்க ஆரம்பித்தாலே ட்ரோனில் இருக்கிற கார்டில் படம் பதிவாகும். அந்தக் கார்டைக் கைக்குட்டையில் முடிந்து இந்தத் தாளோடு வைத்திருக்கிறேன். நான் அதைத் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை. நீங்கள் பார்ப்பீர்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் சத்தம் பதியாது, படம் மட்டும்தான். அவன் கையைத் தூக்கி ஆட்டுவதைப் பார்த்துவிட்டு, காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டான் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அவனைத் தெரியும், அம்மா. என் மேல் பிரியமாக இருந்தவன். "போய்டுக்கா, யாராச்சும் உன்ன பாத்துடப் போறாங்க" என்றுதான் சொன்னான். பதினோரு நிமிடமும் அதையேதான் சொன்னான்.