நேர்ச்சைக் குட்டிக்கு லத்தீன் பேரு

— அப்படிப் பிடிக்காதீங்க பிரதர், கால் சுளுக்கிரும். நெஞ்சுக்கு அடியில கையைக் குடுத்துத் தூக்கு. எட்டு வருசத்துல ஆடு பிடிக்கக்கூட மறந்துட்டியா?

— மறக்கலை சிலுவைண்ணே. ரொம்பத் துள்ளுது.

— துள்ளாம? பொறந்து நாப்பது நாளுதான ஆச்சு. ஆமா, சாமியாருக்குப் படிக்கப் போயி லத்தீனெல்லாம் படிச்சியே, இவனுக்கு அதுல என்ன பேரு?

— ஹேதுஸ்.

— வெள்ளாட்டுக்கா?

— குட்டிக்கு மட்டும். வளந்த கிடாய்க்கு வேற பேரு.

— பாரேன், அந்த ஊர்க்காரனும் நல்லா ஆடு மேச்சிருக்கான்.

— வானத்துல ரெண்டு சின்ன நட்சத்திரத்துக்கும் இதே பேருதாண்ணே. அது கிளம்புனா புயல் வரும்னு கப்பக்காரங்க பயப்படுவாங்களாம்.

— பைபிள்ல வருதா?

— பழைய லத்தீன் பைபிள்ல வருது. கடைசி நாள்ல ஆண்டவர் செம்மறியை வலப்பக்கமும் ஹேதுஸை இடப்பக்கமும் பிரிச்சு நிறுத்துவாருன்னு.

— இடப்பக்கம்னா நரகத்துக்கு! செம்மறி அம்புட்டு யோக்கியமாக்கும்? ரெண்டையும் மேச்சவன் நான், என்னையக் கேட்டுல்ல எழுதியிருக்கணும். வேற எங்க வருது?

— ஊதாரி மகன் கதையில. தம்பி திரும்பி வந்ததும் அப்பா கன்னுக்குட்டியை அடிச்சு விருந்து வைக்கிறாருல்ல, அப்ப அண்ணன் உள்ள வராம வெளியவே நின்னு கேக்குறான். 'இம்புட்டு வருசம் உங்களுக்கு உழைச்சேனே, எனக்கு ஒரு ஹேதுஸாச்சும் குடுத்தீங்களா'ன்னு.

— கேக்க வேண்டிய கேள்விதான்.

— நீங்களும் அப்படி நெனச்சிருக்கீங்களாண்ணே?

— நெனைக்காம? ஒம்பதாப்போட என்னைய நிப்பாட்டி ஆட்டுக்குப் பின்னால அனுப்புனாங்க. உனக்கு வெள்ளை அங்கி. நீ லீவுக்கு வந்தா கோழி அடிப்பாங்க, உனக்குத் தொடை, எனக்குக் கழுத்து. வருசக்கணக்கா வயிறெரிஞ்சிருக்கேன்டா. ஏலே, இதுக்கு ஏன் அழுவுற? குட்டி மிரளுது பாரு.

— இதை அறுக்க வேணாம்ணே.

— அந்தோணியாருக்கு நேந்தது. அறுக்காம?

— போன வருசமும் ஒண்ணு வச்சிருந்தீங்களே?

— நேந்தது பலிக்கிறதுக்குள்ள அது கிடாயாயிருச்சு. குட்டின்னு நேந்தா குட்டியாத்தான் குடுக்கணும். அதனால அதைக் கோயில் ஏலத்துக்கு விட்டுட்டு அடுத்த குட்டியை நிறுத்தியிருக்கேன். வருசா வருசம் இதே கூத்துதான்.

— அண்ணே, அடுத்த மாசம் எனக்குக் குருப்பட்டம் இல்ல.

— தள்ளி வச்சுட்டாங்களா?

— நான்தான் வந்துட்டேன். பெட்டியோட. இனி திருச்சி குருமடத்துக்குப் போகலை. ரெண்டு வருசமா முட்டி போட்டுக் கேட்டுப் பாத்துட்டேன், எனக்கு அந்த அழைப்பு இல்லைண்ணே. மனசு ஒட்டாம பூசை வைக்க என்னால முடியாது.

— அம்மாகிட்டச் சொன்னியா?

— எப்படிச் சொல்ல? அது தாடிக்கொம்பு வரைக்கும் போயிப் பத்திரிகை வச்சுட்டு வந்திருக்கு. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன். உங்க படிப்பையும் கெடுத்து, ஊரு முன்னாடி உங்களைத் தலைகுனியவும் வச்சுட்டேன். நாலு அடியாச்சும் அடிங்க. மொறைச்சுக்கிட்டே நிக்காதீங்கண்ணே.

— அந்தக் கதையில, அண்ணன்காரன் கடைசியில உள்ள போனானா?

— அது எழுதலை. அப்பா வெளிய வந்து கூப்புடுறாரு, அதோட கதை முடிஞ்சுருது.

— போயிருப்பான். செத்த நேரம் மொறைச்சுக்கிட்டு நின்னுட்டுப் போயிருப்பான். மூஞ்சியைத் தொடை. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். ரெண்டு நாளு அழுவும், மூணாம் நாளு உனக்குப் பொண்ணு பாக்கக் கிளம்பிரும்.

— நேர்ச்சை பொய்யாயிருமேண்ணே. நான் சாமியாராகலையே.

— நீ சாமியாராகணும்னு நேந்தது அம்மா. அதுக்கு அது வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி சொல்லியிருக்கு. நான் நேந்தது வேறடா சார்லஸு. நீ திருச்சி பஸ்ஸு ஏறுன அன்னைக்கே, 'என் தம்பியைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பி வச்சிரு, குட்டி தாரேன்'னுதான் அந்தோணியார்கிட்டச் சொன்னேன்.