மூச்சுக்காரரோட கடைசிப் பதிவு

இல்லம்மா, அது மட்டும் இப்போ வேணாம். உங்கப்பா வாசிச்ச மத்த முப்பத்தேழு பதிவையும் எடுத்துக்கோ, எல்லாத்தையும் பென் டிரைவ்ல போட்டு வச்சிருக்கேன். கடைசி ஒண்ணைக் கேக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் பேசணும். உட்காரு. அந்த மோட்டாரைத் தள்ளிட்டு உட்காரு, கிரீஸ் பட்டுடும், பாத்து.

திருட்டுத்தனமா எடுத்ததுதான், இல்லேங்கல. உங்கப்பாவுக்குப் பதிவுன்னாலே ஆகாது, உனக்குத் தெரியாததா. இங்க வாசிக்கிறது இங்கயே முடிஞ்சிடணும்னு ஒரு அட்டையில எழுதி வாசல்லயே ஒட்டிடுவாரு. மெட்டு கிடையாது, தாளம் கிடையாது, அன்னிக்கு என்ன தோணுதோ அதுதான். அப்புறம் அது திரும்ப வராது. திரும்ப வராததை எப்படிம்மா விடுறது?

எனக்கு சங்கீதமெல்லாம் தெரியாது. தண்ணி மோட்டார் ரிப்பேர் பண்றவன். ஆனா காது நல்ல காது. ஓடுற சத்தத்தை வச்சே எந்த பேரிங் போகப்போகுதுன்னு சொல்லிடுவேன். ஒரு கட்டடத்துல மோட்டார் பாக்கப் போனப்போ மாடியில உங்கப்பா வாசிச்சிட்டிருந்தாரு. சாக்ஸபோனை வாயில வச்சுக்கிட்டு சத்தமே எழுப்பாம, வெறும் மூச்சை மட்டும் விட்டுக்கிட்டு, கால் மணி நேரம். சரியான கிறுக்குன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா ஸ்பேனரைக் கீழ வச்சிட்டு நின்னுட்டிருக்கேன். அதுலேர்ந்து ஆறு வருஷம், ஒண்ணு விடல. மூச்சுக்காரர்னுதான் எங்களுக்குள்ள பேரு அவருக்கு.

மொத்தமே இருபது பேர்தான் வருவோம். அதுல பதிவு பண்றது நானும், உனக்கு என் விலாசம் குடுத்தாரே அந்தப் பல் டாக்டரும். அவர் பதிவுல உங்கப்பாவை விட அவர் வயிறுதான் நல்லா கேக்கும். நான் சட்டைக் காலருக்குள்ள ரெண்டு மைக் வச்சுத் தைச்சிருப்பேன். காதுல ஒரு சின்ன இயர்போன், பதிவுல சத்தம் எப்படி விழுதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும்ல. காது கேக்காதவங்க மாட்டுற மெஷின்னு எல்லாரும் நினைச்சுப்பாங்க. எச்சில் முழுங்கக்கூட யோசிப்பேன். நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இவ்வளவு அடக்கமா உட்காரலியேன்னு என் வீட்டுக்காரி கேப்பா.

அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம், மரச்சாமான் கடைக்கு மேல இருக்குற ஹால். ஜன்னலெல்லாம் சாத்திட்டாரு, ஃபேனையும் நிறுத்தச் சொல்லிட்டாரு. முகம் வெளுத்துத்தான் இருந்துச்சு. நாப்பது நிமிஷம் நல்லா போச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சத்தத்தைக் குறைச்சு வெறும் மூச்சுக்கு வந்தாரு. செவுத்துல சாஞ்சாரு. தரையில படுத்தாரு. அது ஒண்ணும் புதுசில்ல, எத்தனையோ தடவை படுத்துக்கிட்டே வாசிச்சிருக்காரு. வாத்தியம் வாயிலயே இருக்கு, மூச்சு அதுக்குள்ள போயிட்டு வருது. யாரும் அசையல. முன் வரிசையில ஒரு அம்மா கண்ணை மூடிக்கிட்டு அழுதாங்க, அவ்வளவு உருக்கம்னு.

பதினோரு நிமிஷம். அப்புறம் நின்னுச்சு. கை தட்டினோம். அவர் எந்திரிக்கல. இன்னும் பலமா தட்டினோம்.

ம்... தெரியும்மா. பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கன்னு தெரியும். வந்தவங்க ஒவ்வொருத்தரையும் நீ தேடிப்போய்க் கேட்டதும் தெரியும். வித்தியாசமே தெரியலன்னாங்க, இல்லையா? பொய்யில்ல அது. அவங்களுக்கு அது வாசிப்புதான்.

பல் டாக்டர் கெஞ்சிக் கேட்டாரேன்னு அந்தக் கடைசிப் பதிவை அவருக்கு ஒரு காப்பி எடுத்துக் குடுத்தேன். அவர் யாருக்கோ குடுத்து, அது எங்கெங்கயோ சுத்துது. மூச்சுக்காரர் வாசிச்சதுலயே இதுதான் உச்சம்னு முகம் தெரியாத ஒருத்தன் எழுதியிருக்கான். அதைப் படிச்சதுலேர்ந்து எனக்குப் பயமா இருக்கும்மா.

எனக்கா? எனக்கு வித்தியாசம் தெரிஞ்சுதான்னு கேக்குறியா?

எனக்கு இயர்போன்ல கேட்டுச்சு. ரெண்டாவது நிமிஷமே தெரிஞ்சிடுச்சு, அது வாசிக்கிற மூச்சு இல்லைன்னு. எந்திரிக்கக் காலை ஊனினேன். அந்த ஹால்ல இருக்குறது பழைய இரும்பு நாற்காலிம்மா, லேசா அசைஞ்சாலே கிரீச்சுங்கும். பதிவு கெட்டுடுமேன்னு அப்படியே உட்கார்ந்துட்டேன்.