மலேரியா ஊசி

ஹாம்பர்க்கில் வாடாத முருங்கைக்காய் கிடைப்பது வியாழக்கிழமைகளில்தான். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கடைக்கு அன்றுதான் சரக்கு வரும். எனக்காக அதை மெனக்கெட்டு வாங்கி வந்து கொடுத்தவர், எங்கள் ஆய்வுக்கூடத்தைத் துப்புரவு செய்யும் நேசமலர் அக்கா. மன்னார்க்காரர். அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் கிடையாது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாக்குமூலத்தை ஜெர்மன் மொழியில் கேட்டீர்கள். நான் தமிழில்தான் தருவேன். ஜெர்மனில் சொன்னால் என் பக்க நியாயம் காணாமல் போய்விடும்.

மலேரியாக் கிருமியிடம் ஏறக்குறைய அறுபது மரபணுக்கள் கொண்ட ஒரு குடும்பம் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சட்டை தைக்கும் குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கிருமி படியெடுக்கும். மற்ற அத்தனையின் வாயையும் அடைத்து வைத்திருக்கும். நம் உடம்பு அந்தச் சட்டையை அடையாளம் கண்டு அடிக்கத் தொடங்கினால், தப்பிய சில கிருமிகள் வேறொன்றை மாட்டிக்கொள்ளும். தணிந்த காய்ச்சல் மறுபடி ஏறுவது அதனால்தான். அடுத்து எதைத் திறப்பது என்று எது தீர்மானிக்கிறது? என் இளமை முழுக்க இந்தக் கேள்விக்கே போயிற்று. குடுவையில் வளரும் கிருமிக்கு எதிரி இல்லை, சோம்பேறியாகிவிடுகிறது. ஒரு மனித உடம்பு வேண்டும் என்றேன். நெறிமுறைக் குழு மறுத்தது. அந்தக் குழுவில் ஒருவருக்குக்கூட மலேரியா வந்ததில்லை.

2004 ஜூலை. இலங்கையில் சண்டை ஓய்ந்திருந்த காலம். நேசமலர் அக்கா வாளியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்: "டொக்டர் தம்பி, ஆவணியிலை ஊருக்கு, மடு மாதாவின்ரை திருநாளுக்குப் போறம். மலேரியா ஊசி ஒண்டு போட்டுவிடுவியளோ?"

அப்படி ஒரு தடுப்பூசி அப்போது எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. என் அறைக் கதவில் டாக்டர் என்று இருந்தாலும் நான் மருத்துவன் இல்லை. அது ஆராய்ச்சிப் பட்டம். இரண்டையும் அவர் கேட்கவில்லை.

"போடலாம்க்கா," என்றேன்.

போட்டேன். இங்கேதான் தமிழ் வேண்டியிருக்கிறது. ஜெர்மனில் 'எதிராக' என்று ஒரு சொல்லைச் சேர்க்காமல் இதைக் கேட்கவே முடியாது. தமிழில் அது தேவையில்லை. அவர் மலேரியா ஊசி கேட்டார். நான் போட்டது மலேரியா ஊசி. ஊசியில் வேறெதுவும் இருந்ததாக யாராவது நிரூபிக்கட்டும்.

சின்ன வயதில் அவருக்குப் பலமுறை மலேரியா வந்திருக்கிறது, தாங்குவார் என்று நினைத்தேன். குளிர்தேசத்தில் வருஷக்கணக்காக இருந்தால் அந்தத் தாங்குசக்தி கரைந்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆராய்ச்சி என்றால் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

காய்ச்சல் வந்ததும் தொலைபேசியில் அழைத்தார். ஊசி வேலை செய்கிறது, குழந்தைகளுக்கு ஊசி போட்டால் சுடுவதில்லையா என்றேன். "ஓம், ஓம்," என்றார் நிம்மதியாக. வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்தேன். படுத்துக்கொண்டே எனக்குத் தேநீர் போடச் சொல்லிக் கணவரை ஏவினார். காய்ச்சல் விட்டு மறுபடி ஏறியபோது இன்னொரு குழாய் எடுத்தேன்.

"தலை சுத்துது தம்பி. எழும்ப ஏலாமல் கிடக்கு."

குணமாக்கும் மாத்திரைகள் என் சட்டைப்பையில் இருந்தன. கொடுத்திருந்தால் கிருமி செத்திருக்கும். அடுத்த ஏற்றத்தில் அது எதைத் திறக்கும் என்பது தெரியாமலே போயிருக்கும். முதல் குழாயில் ஓங்கியிருந்த மரபணு இரண்டாவதில் அடங்கிவிட்டிருந்தது. அதுவரை ஊமையாகக் கிடந்த ஒன்று திறந்திருந்தது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். அதை ஏன் நான் மறைக்க வேண்டும்?

மூன்றாவது குழாய்க்கு முன் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நினைவு தப்பியிருந்தது. அவர் கணவர் இன்னாசித்தம்பிக்கு ஜெர்மன் தடுமாறும். மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டார். வெளிநாடு எங்கேயாவது போய் வந்தாரா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். உண்மைதானே, அக்காவுடைய விமானம் அடுத்த வாரம். என்ன வேலை என்று கேட்டார். துப்புரவு வேலை என்றேன். அதுவும் உண்மை. மலேரியாவா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது மொழிபெயர்ப்பாளன் வேலை இல்லை.

அன்று மாலை நேசமலர் அக்கா இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையில் எங்கள் குடுவைக் கிருமி அகப்பட்டது. என் சகாக்களே என்னைக் காட்டிக்கொடுத்தார்கள். அவர்களும் அந்தத் தரவைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர்கள்தான்.

குற்றப்பத்திரிகையில் என்னை ஏமாற்றுக்காரன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்தான் என்னைச் சுடுகிறது. அதனால் நீங்கள் கண்டுபிடிக்காத ஒன்றை நானே சொல்கிறேன். அன்று ஆஸ்பத்திரி நடையில் இன்னாசித்தம்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். இது என்ன வருத்தம், என்ன நோயெண்டு உங்களுக்குத் தெரியுமோ? சொல்லுங்கோ, இந்த டொக்டர்மாரிட்டைச் சொல்லிக் காப்பாத்துவம்."

தெரியாது என்றேன்.

அது பொய். இந்த விவகாரத்தில் நான் செய்த ஒரே தப்பு அதுதான். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.