எட்டாம் பக்கத்துல இல்லாத பெரியப்பா

…எட்டாம் பக்கத்த மட்டும் தொறக்காதீங்க அங்கிள். மத்ததெல்லாம் தாராளமா பாருங்க. ஏழு வரைக்கும் அழகா வந்திருக்கு. எட்டுல மட்டும் கொஞ்சம் கம்ப்யூட்டர் கோளாறு. அத எடுத்துட்டுப் போயி மாத்திக் கொண்டாரலாம்னுதான் வந்தேன். வந்து பாத்தா, விருந்துக்கு வந்த நீங்க ஆல்பத்த மடியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கீங்க! உங்க தம்பி சன்னாசி அங்கிள் வேற ஐஸ் வாங்கப் போயிட்டாரு.

நான் யாரா? புனிதவதி அங்கிள். கோலா சிலாங்கூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஆல்பம் கட. அவரு மக ரூபினி கல்யாண ஆல்பம் நாந்தான் செஞ்சேன். முருகையா பெரியப்பான்னா, உங்கள எனக்கு நல்லா தெரியும். உங்க காத ஒரு மத்தியானம் பூரா கம்ப்யூட்டர்ல… சரி, அத விடுங்க.

எங்கிட்ட மூனு கம்ப்யூட்டரு. கடையில ஒன்னு, வீட்டுல ஒன்னு, தூக்கிட்டுத் திரிய ஒரு லேப்டாப்பு. முன்னெல்லாம் பென்டிரைவ்தான். அது ஒருநாள் துணியோட மெஷின்ல சுத்தி சுத்தமா வந்துச்சு. அப்பத்தான் என் தம்பி ஷர்வின், ராவாங்ல ஆபீஸ் வேல, அவன் தோட்டத்துல ஆள வேல வாங்குற மண்டோர் மாதிரி நின்னு சொன்னான். “அக்கா, எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுரு. ஒரு எடத்துல மாத்துனா மூனு எடத்துலயும் தானா மாறிடும்.” தானா மாறுமாம்! மாறுச்சு அங்கிள். மாற வேண்டியத தவுர எல்லாம் மாறுச்சு. என் போன் படமும் அதுக்குள்ளயே ஏறி, ஒருத்தங்க நிச்சயதார்த்த ஆல்பத்துல எங்க வீட்டுப் பூன ஒக்காந்திருக்கு.

என்னது… எட்டுல என்னவா? குடும்பப் படம்லா. மேடையில எல்லாரும் நிப்பீங்கல்ல, அது. அதுல கம்ப்யூட்டரு உங்கள… கொஞ்சம்… அழிச்சிருச்சு.

ஆமா, உங்கள மட்டுந்தான். கம்ப்யூட்டருக்கு உங்க மேல என்ன கோவமா? ஒரு கோவமும் இல்ல, அது… அப்படிப் பாக்காதீங்க அங்கிள். பொய் சொன்னா எனக்குச் சிரிப்பு வந்துரும்.

சரி, சொல்லிடறேன். கல்யாண டின்னர்ல டாய்லெட் பக்கத்து மேச போட்டாங்கன்னு, கேக் வெட்டுறதுக்குள்ள எழுந்து போனீங்கல்ல? சன்னாசி அங்கிள் கடைக்கு வந்துட்டாரு. “எங்கண்ணன படத்துலேர்ந்து எடுத்துரு”ன்னாரு. எடுத்தேன். என் பொழப்பே அதானே! இந்த ஊர்ல எத்தன மச்சான எடுத்திருக்கேன், எத்தன மருமகன திருப்பி வச்சிருக்கேன். அப்பறம் கோயில் திருவிழாவுல நீங்க அவருக்கு மோர் ஊத்திக் குடுத்தீங்களாமே. மீசையில மோர் காயறதுக்குள்ள கடைக்கு வந்துட்டாரு. “புனிதா, எங்கண்ணன திருப்பி வையி.” கண்ணு கலங்கிருச்சு அங்கிள் அவருக்கு. சாமி சத்தியமா.

வச்சேன். வீட்டு கம்ப்யூட்டர்ல ஒக்காந்து உங்கள மறுபடி மேடையில நிக்க வச்சேன். சேவ் பண்ணேன். கிளவுட்டுக்கு ஏறிக்கிட்டு இருக்கு… டமார்னு இடி! நம்ம ஊரு சாயங்கால இடிதான் தெரியுமே. பக்கத்து வீட்டு டிவி பொகஞ்சதுலேர்ந்து, வானம் லேசா உருமுனாலும் நான் ஓடிப்போயி வைஃபை பொட்டிய புடுங்கிருவேன். புடுங்கிட்டேன். நீங்க பாதி வழியில நின்னுட்டீங்க.

மறுநா கடையில தொறந்தா, நீங்க இல்லாத பழைய படம். அத நான் கவனிக்கல. பூ பார்டர் போட்டு சேவ் பண்ணிட்டேன். வீட்டுக்குப் போயி பொட்டிய சொருகுனா ஒரே படத்துக்கு ரெண்டு பைலு! ஒன்னு நல்ல பேரு. இன்னொன்னு வீட்டு கம்ப்யூட்டர் பேர வாலாட்டம் ஒட்டிக்கிட்டு, அசிங்கமா. குப்பன்னு நெனச்சு அழிச்சேன். மூனு எடத்துலயும் தானா அழிஞ்சிருச்சு. அது மட்டும் கரெக்டா வேல செஞ்சிச்சு! அந்த வால் வச்சதுலதான் நீங்க இருந்தீங்க.

ஷர்வினத் திட்டுனேன். இன்டர்நெட் லைன் கம்பெனிக்கு போன் போட்டுக் கத்துனேன். அப்பறம் யோசிச்சா… புடுங்குனது நானு, அழிச்சது நானு, பாக்காம அச்சுக்கு அனுப்புனதும் நானு. உங்க தம்பி ஒங்கள வைக்கத்தான் சொன்னாரு. இதப் பாத்துட்டு மறுபடி எழுந்து போயிறாதீங்க அங்கிள். இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கீங்க. ஐஸோட வர்றவரு உங்க நாற்காலி காலியா கெடக்கறதப் பாத்தா…

ஐயோ. தொறந்துட்டீங்களே.

…

என்ன சிரிக்கிறீங்க? ஆங்? நீங்களுமா? உங்க வீட்டு ஹால் படத்துலேர்ந்து சன்னாசி அங்கிளயா? எந்தக் கடையில குடுத்து… கத்திரிக்கோல்லயா! பிரேம கழட்டி, நீங்களே ஒக்காந்து வெட்டுனீங்களா! திருப்பி வைக்கணும்னா எப்படி அங்கிள்? கத்திரிக்கோல்ல வெட்டுனத நான் எந்த கம்ப்யூட்டர்ல போயித் தேடுறது?

பர்ஸ எதுக்கு எடுக்குறீங்க? காசெல்லாம் வேணாம், மொதல்ல…

அட.

வெட்டுன துண்ட பர்ஸ்லயே வச்சிக்கிட்டுத் திரிஞ்சீங்களா? கோவமா இருந்தப்பவுமா? …மீச கூட கலையாம நிக்கிறாரு.

இல்லல்ல, எங்கிட்ட குடுக்காதீங்க! உள்ளயே வைங்க, நல்லா மடிச்சு உள்ள வைங்க. நான் போன்ல படம் புடிச்சிக்கிறேன். என் கையில வந்தா தொலஞ்சிரும்.