இடது கை பேஸ்

பேஸ் கிதார் வாசிப்பவனை மேடையில் யாரும் பார்ப்பதில்லை, ஐயா. அதில் எனக்கு வருத்தமும் இருந்ததில்லை. பதினோரு வருஷம் கோதண்டம் அண்ணன் நடத்தும் மெல்லிசை ட்ரூப்பில் ஓரமாக நின்று வாசித்தேன்.

வரதனை அதில் கீபோர்டு வாசிக்கச் சேர்த்துவிட்டவனே நான்தான். திருவொற்றியூர் தகடு கம்பெனியில் அவன் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஓட்டினான், நான் எலக்ட்ரீஷியன். தொண்ணூற்றெட்டில் பழைய சிந்தசைசர் கீபோர்டு ஒன்று வாங்கினான். எண்பதுகளின் நியூ வேவ் இங்கிலீஷ் பாட்டுகளில் உருண்டு துள்ளுமே ஒரு பேஸ், அதை அப்படியே கொண்டுவர வேண்டும் என்றான். அவனுக்கு விரல் உண்டு, காது கிடையாது. மூன்று மாதம் ஞாயிறுதோறும் கேசட்டைப் போட்டுக் கேட்டு நான் சொல்லச் சொல்ல அவன் திருகினான். இரண்டு ஒலி அலையின் சுருதியையும் மயிரிழை விலக்கு, ஃபில்டரை மூடு, தட்டியதும் கடித்துவிட்டு அடங்கட்டும். சரியாக வந்த அன்று என்னைக் கட்டிக்கொண்டான்.

"இன்னாமா கீது பாத்தியா மாமு, எல்லாம் உன் காதுதான்."

அடுத்த கச்சேரிக்கு என்னைக் கூப்பிடவில்லை. நேரில் போய்க் கேட்டேன்.

"வரதன் இடது கையிலயே பேஸ் வாசிக்கிறான் நைனா. உன் கிதாரு இன்னாத்துக்கு?" என்றார் கோதண்டம் அண்ணன்.

வரதன் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதுதான்.

பிரஸ்ஸில் இரண்டு பட்டன். கை உள்ளே மாட்டக்கூடாது என்பதற்காக, இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். வரதன் அவசரக்காரன், வலது பட்டனை அழுத்தியபடியே இடது கையால் தகட்டை எடுப்பான். பலமுறை கண்டித்திருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் இடது பட்டனின் ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டேன். அதன்பின் வலது பட்டன் மட்டும் போதும், அச்சு இறங்கிவிடும்.

உயிருக்கு ஆபத்து வராது என்று தெரியும். மெட்டு வாசிக்க வலது கையை விட்டுவைத்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான்தான்.

நாலு மாதம் கழித்து, ராயபுரத்தில் கோயில் திருவிழாக் கச்சேரி. இனி பேஸுக்கு ஆள் வேண்டுமே என்று கிதாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டு போனேன். மேடையில் வரதன் ஒற்றைக் கையோடு உட்கார்ந்து, கீபோர்டில் எதையோ தட்டினான். நான் சொல்லிக்கொடுத்த பேஸ் தானாக ஓடியது. எல்லாப் பாட்டின் பேஸையும், கை போவதற்கு முன்பே, அதன் மெமரியில் ஏற்றி வைத்திருக்கிறான்.

அவ்வளவு நெருங்கிப் பழகிய என்னிடம் இதை மறைத்துவிட்டான், ஐயா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் கை போயிருக்காது.