பச்சைப் பொட்டலம் வைத்த இயந்திரம்

என் பெயர் கோ ஜுய்-சியாங். தகப்பனார் பெயர் கோ ஷுய்-முங். வயது நாற்பத்தொன்று. தைவான், பிங்துங் மாவட்டம், தென்வாய்த் துறைமுகக் குடியிருப்பில் வசிக்கிறேன். தென்வாய்ப் படகுச் சங்கத்தில் கணினிப் பொறுப்பாளர். என்னுடன் வேலை பார்க்கும் லோ மெய்-ஷுவாங் என்பவரின் தகப்பனார் லோ தியென்-ஃபூ, காணாமல் போன படகின் தலைவர்.

சங்கத்தில் ஒரே மாதிரி இரண்டு இயந்திரங்கள் உள்ளன. படகுகள் நிற்கும் இடங்கள் உடனுக்குடன் பதிவாகும் தரவுத்தளம் ஒன்றிலும், தினமும் விடியலில் எடுக்கும் அதன் நகல் மற்றதிலும் இருக்கும். இயந்திரம் மக்கர் பண்ணாமலிருக்க, பச்சை உறைத் தேங்காய்த் தின்பண்டப் பொட்டலம் ஒன்றை அசலின் தலையில் வைப்பது வழக்கம். பெயர் எழுதி ஒட்டியதில்லை. பொட்டலம் இருப்பதுதான் அசல், அவ்வளவுதான்.

சூறாவளி அன்று மதியம் லோ தியென்-ஃபூவின் படகிலிருந்து வானொலிப் பேச்சு நின்றது. அதன் பிறகு அசலிலிருந்து படகுகளைக் காட்டும் திரையும் நின்றுவிட்டபடியால், மெய்-ஷுவாங் படகுத்துறைக்கு ஓடினாள். நான் பொட்டலம் இருந்த இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, கறுப்புத் திரையைத் திறந்து, தரவுத்தளத்தை இணைக்கும் கட்டளையை அடித்தேன். எந்த இயந்திரம் என்று கட்டளையில் குறிப்பிடவில்லை. குறிப்பிடாவிட்டால் நாம் உட்கார்ந்திருக்கும் இயந்திரத்தையே அது எடுத்துக்கொள்ளும். கடவுச்சொல் இரண்டுக்கும் ஒன்றே. உடனே திறந்தது. திரையே விழுந்துகிடக்கும்போது இது மட்டும் எப்படித் திறந்தது என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. படகின் இடத்தை மட்டும் கேட்டேன், பதிவான நேரத்தைக் கேட்கவில்லை. வந்த இடத்தைக் கடலோரக் காவலரிடம் சொன்னேன், அவர்கள் புறப்பட்டார்கள்.

அதன் பிறகு மெய்-ஷுவாங்கைத் தொலைபேசியில் அழைத்து, இடம் கிடைத்துவிட்டதென்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அண்ணே, நீங்க தெய்வம்ணே! எங்கப்பா வரட்டும், உங்களுக்கு மீன் சூப் வெச்சே கொல்லுவார். ஆமா, நகல் மெஷின் ஒழுங்கா இருக்கா? காலையில நகல் எடுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது. அதான் பொட்டலத்தத் தூக்கி அது தலையில வெச்சேன்."

பதிவான நேரத்தைக் கேட்டுப் பார்த்தேன். முந்தைய நாள் விடியற்காலை என்று வந்தது. அடுத்த இயந்திரத்துக்குத் தாவி அதே கட்டளையை அடித்தேன். இணைப்பு மறுக்கப்பட்டது என்றது. விழுந்திருந்தது அசல்தான். எழுப்பிப் பார்த்தேன், கும்பிட்டும் பார்த்தேன், எழவில்லை. காவலரை அழைத்து இடம் தவறு என்றேன்.

"சரியான இடம் எது சார்?" என்றார் அதிகாரி.

"தெரியலங்க" என்றேன்.

"காத்து ஏறிக்கிட்டே இருக்கு. எங்கன்னு தெரியாம எங்க சார் போறது?" என்றார். அவர் மேல் குற்றமில்லை.

படகு இன்றுவரை கிடைக்கவில்லை. மெய்-ஷுவாங் தினமும் என்னிடம், "நீங்க சொன்ன இடத்துல நல்லாத் தேடினாங்களாண்ணே?" என்று கேட்கிறாள். "நல்லாத் தேடினாங்கம்மா" என்கிறேன். வேறு என்ன சொல்ல?

பொட்டலத்தை இடம் மாற்றியது யார் என்ற வரியை எடுத்துவிடும்படி, இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளும் எழுத்தரிடம் கேட்டேன். சொன்னது சொன்னபடியே இருக்க வேண்டும் என்றார். காணாமல் போனவரின் மகள் என்ற முறையில் இதன் பிரதி ஒன்று அவளுக்கும் போகும் என்றார்.

மேற்சொன்னதை வாசிக்கக் கேட்டேன். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) கோ ஜுய்-சியாங்