கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம்

பேரீச்சம்பழத்தைக் கிழியாமல் கொட்டை எடுக்க ஒரு பக்குவம் வேண்டும். எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் அது எனக்குத்தான் கைவந்தது. துனிசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகருக்கு வெளியே, இதய ஓட்டையை அடைக்கும் சிறு கருவிகளைச் செம்மறியாடுகளுக்குப் பொருத்திச் சோதிக்கும் இடம் அது. நான் அங்கே கால்நடை மருத்துவன். பொருத்திய பிறகு கருவிமேல் ரத்தம் உறையாமலிருக்க, ஆட்டுக்குத் தினமும் ஒரு மாத்திரை கொடுக்க வேண்டும். பயங்கரக் கசப்பு, துப்பிவிடும். அதனால் பழத்துக்குள் வைத்து ஊட்டுவேன்.

நானும் ஒரு கருவி செய்தேன், பதினோரு வருட உழைப்பு. துனிஸிலிருந்து வந்த நிபுணர்கள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்றார்கள். ரவ்தா நேற்று வந்தவள். அவள் செய்த, குட்டிக் குடை போன்ற கருவியைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அவளுடைய ஆறு ஆடுகளுக்கும் வெறும் பழத்தைக் கொடுத்தேன். மூன்று செத்தன. மூன்றிலும் கருவிமேல் ரத்தக்கட்டு. ரவ்தா தொழுவத்தில் உட்கார்ந்து அழுதாள். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று எனக்கு நல்ல பசி.

ஆனால் அவள் விடவில்லை. முதுகுவலியால் நான் மூன்று மாதம் படுத்துவிட, அடுத்த ஆறு ஆடுகளுக்குத் தானே மாத்திரை ஊட்டினாள். ஆறும் கொழுகொழுவென்று நின்றன. கருவி மருத்துவமனைக்குப் போனது. முதலில் பொருத்தியது தக்வாவுக்கு. ஆறு வயது, நான் குடியிருக்கும் தெருவிலேயே இருக்கும் பிள்ளை.

அறுவைசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைத் துப்ப ஆரம்பித்தாள். ரவ்தாவே என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, ஆடே உங்க கைக்கு அடங்குது. இந்த வாயாடிக்கும் நீங்களே ஊட்டிவிடுங்களேன்."

"ஆட்டு டாக்டர்னு என்னைக் கிண்டல் பண்ணுவாளே."

"பண்ணட்டும். முழுங்குனா சரி."

தினமும் மாலையில் பேரீச்சம்பழத்தோடு போனேன். என்னைக் கண்டதும் தக்வா "ம்மே" என்று கத்திக்கொண்டு வாயைத் திறப்பாள். அவள் தாய் என் கைகளை வாழ்த்துவாள்.

"மாமா, நீங்க குடுக்குற மாத்திரை மட்டும் கசக்கவே இல்ல" என்று தக்வா ஒருநாள் சொன்னாள்.

பதினேழாம் நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. ரத்தக்கட்டு மூளைக்குப் போய்விட்டது என்றார்கள்.

என் சமையலறையில், ஹரிஸா மிளகாய் விழுது டப்பாவுக்குள் நீங்கள் சோதனை போட்டுக் கண்டெடுத்தவை அவளுடைய மாத்திரைகள்தான். ரவ்தாவின் கருவியை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இனியாவது என்னுடையதை ஒழுங்காக எடுத்துப் பார்ப்பார்கள். நல்ல கருவி அது.

எல்லாம் நான் செய்ததுதான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் குழந்தையின் வாயில் கசப்பான எதையும் நான் வைத்ததில்லை.